டாக்டரின் கீழ்த்தாடை

பல் செட் செய்கிறவளுக்கு ஆட்களின் முகம் ஞாபகம் இருக்காது, வாய்தான் இருக்கும். தெருவில் யாராவது சிரித்துக்கொண்டே எதிரில் வந்தால், "மேல்வரிசையில் இடதுபக்கம் இரண்டு நான் போட்டது" என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும். ஆள் யார் என்பது வீடு போய்ச் சேர்ந்த பிறகு வரும். பதினான்கு வருஷமாக ஒரே பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பிளாஸ்டர் தூசி தின்றவள் நான். அந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு மோட்டார், சுவர் நீளத்துக்கு ஓர் அலமாரி. அலமாரி நிறைய ஊராருடைய தாடைகள், பிளாஸ்டரில்.

அவற்றில் ஒன்று எங்கள் டாக்டருடையது. அவருக்குக் கீழ்த்தாடையில் மூன்று பல் கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன் நான் செய்து கொடுத்த செட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அது ஒருநாள் விரிசல் விட்டது. புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் பசையை வாயில் வைத்து அளவெடுக்க வேண்டும். ஊர் வாயிலெல்லாம் அந்தப் பசையை அப்புகிற மனிதருக்குத் தன் வாயில் வைத்தால் மட்டும் குமட்டிக்கொண்டு வரும்.

"பழைய அச்சு அலமாரியில இருக்குல்ல? அதை வச்சே பண்ணிடு" என்றார்.

"அது நாலு வருஷத்துக்கு முந்தினது டாக்டர். ஒருதடவை புதுசா அளவு எடுத்துக்கலாம்."

"என் தாடை என்ன, ரெக்கை கட்டிப் பறந்தா போயிடுச்சு? சொன்னதைச் செய்."

செய்தேன். வாயில் பொருந்தவில்லை. இன்னொன்று செய்யச் சொன்னார், அதே அச்சில். அதுவும் பொருந்தவில்லை. அன்று காலை காத்திருக்கும் கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள், எண்ணியே வைத்திருக்கிறேன். டாக்டர் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நான் வந்து நிற்கும்வரை காத்திருந்து, அதை என் கண்ணெதிரே குப்பைத் தொட்டியில் போட்டார்.

"பதினாலு வருஷமா இங்க உக்காந்து என்னத்தக் கத்துக்கிட்ட நீ? மண்ணு பிசையத்தான் லாயக்கு. இனிமே செட்டெல்லாம் வெளியில குடுத்துக்கறேன். நீ தட்டு கழுவு, போதும்."

"நான் சரியாத்தான் செஞ்சேன் டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூடத்தில் ஒருவர் சிரித்தார். அவருடைய மேல்செட் நான் செய்தது. அதைப் போட்டுக்கொண்டேதான் சிரித்தார்.

எல்லாரும் போன பிறகு தொட்டியில் கைவிட்டு அந்தச் செட்டை எடுத்தேன். கழுவி, பழைய அச்சின் மேல் வைத்தேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அப்படியானால் என் வேலையில் குற்றமில்லை. குற்றம் அந்த ஆளின் தாடையில்தான் இருக்கிறது. அதை அதே கூடத்தில், அதே பதினோரு பேருக்கு முன்னால் நிரூபிக்காவிட்டால் நான் ஒரு மனுஷியே இல்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெளியில் கொடுத்த இடத்திலும் புது அளவு கேட்டார்கள். நான்கு நாள் சரியாக மெல்ல முடியாமல் கஷ்டப்பட்ட பிறகு டாக்டர் வழிக்கு வந்தார். உதவியாளராக இருந்த சின்னப்பெண்தான் அவருக்கு அளவெடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, காலை உதறிக்கொண்டு, எப்படியோ வாயைத் திறந்தாராம். அவள் அந்த அளவை வெளியில் அனுப்பாமல் நேராக என் அறைக்குக் கொண்டுவந்தாள். "நீங்களே செய்ங்கக்கா. அவருக்கு எங்க தெரியப்போகுது" என்றாள்.

பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் எடுத்து, பழைய அச்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று கோயிலில் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பழையதில் பற்கள் நெருக்கியடித்து நின்றன. புதியதில் பல்லுக்குப் பல் சந்து விட்டிருந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். கடைவாயிலிருந்து கடைவாய்க்கு நான்கு மில்லிமீட்டர் கூடியிருந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆளுக்குத் தாடை வளர்ந்திருக்கிறது!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரண்டு அச்சையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு என் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவர் என் கணவரின் அக்கா, பெரிய ஆஸ்பத்திரியில், சுரப்பி வியாதிகளைப் பார்க்கிற வார்டில் நர்ஸ். படத்தைக் காட்டி, "பாருங்க அண்ணி, எங்க டாக்டரோட அழகை" என்று கேலியாகத்தான் ஆரம்பித்தேன்.

அண்ணி சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இவருக்குச் செருப்பு அளவு மாறியிருக்கா?"

"போன வருஷம் புது ஷூ வாங்கினார். பழசு கடிக்குதுன்னு."

"மோதிரம்?"

"விரல்ல மாட்டிக்கிட்டு, அறுத்துத்தான் எடுத்தாங்க."

"வேர்க்குமா? தலைவலின்னு சொல்வாரா? குரல் தடிச்சிருக்கா?"

மூன்றுக்கும் தலையாட்டினேன். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சட்டை நனைகிற ஆள் அவர். தலைவலி மாத்திரை மேஜை இழுப்பறையில் அட்டை அட்டையாகக் கிடக்கும்.

"பிட்யூட்டரி" என்றார் அண்ணி. "மூக்குக்கு நேர் பின்னாடி, மூளைக்கு அடியில, ஒரு பட்டாணி அளவு சுரப்பி. பட்டாணி அளவுதான், ஆனா உடம்புல பாதி அதோட அதிகாரம். அது உத்தரவு போட்டாத்தான் தைராய்டு சுரக்கும், அட்ரினல் சுரக்கும். பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வர்றதும் அதாலதான், பிள்ளை பெத்தா பால் வர்றதும் அதாலதான். சுரந்தது போதும்னா கீழேருந்து தகவல் வரும், அதுவும் வாயை மூடிக்கும். அதுல ஒரு கட்டி வந்துட்டுதுன்னு வை, போதும்னு சொன்னாலும் அதுக்குக் காதுலயே விழாது."

"அதுக்கும் தாடைக்கும் என்ன அண்ணி?"

"வளர்ற ஹார்மோனும் அங்கேருந்துதான் வருது. சின்னப் பிள்ளைக்கு அது எக்கச்சக்கமா சுரந்தா நெட்டையா வளர்ந்துக்கிட்டே போகும். வளர்ந்து முடிச்ச ஆளுக்கு எலும்பு நீள முடியாது, அதனால தடிக்கும். தாடை, மூக்கு, கை, கால், நாக்கு எல்லாம். தினம் பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, மெதுவா நடக்கறதால. ஆனா அதில்ல பயம். அந்தச் சுரப்பிக்கு நேர் மேலதான் ரெண்டு கண்ணோட நரம்பும் குறுக்க போகுது. கட்டி பெருத்தா நரம்பை அழுத்தும். நேரா பாத்தா எல்லாம் தெரியும், ரெண்டு ஓரமும் இருட்டிக்கிட்டே வரும். நாளைக்கே சொல்லிடு. ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். மூக்கு வழியாவே போய் எடுத்துடலாம்."

"சொல்லிடறேன் அண்ணி" என்றேன். நிஜமாகவே சொல்லத்தான் இருந்தேன். அந்த ஆள் மேல் எத்தனை ஆத்திரம் இருந்தாலும் கண் போகட்டும் என்று நினைக்கிற அளவுக்கு நான் அன்று போகவில்லை.

மறுநாள் புது அச்சில் செய்த செட்டை முதலில் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. வாயை மூடித் திறந்து, கடித்துப் பார்த்து, இது யார் செய்தது என்று கேட்டார். உதவியாளப் பெண் என்னைக் கைகாட்டினாள். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். என்னைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பாத்தீங்களா" என்றார் அங்கிருந்தவர்களைப் பார்த்து. "அன்னிக்கு நாலு பேர் முன்னாடி விட்டேன் ஒரு டோஸ். இன்னிக்கு செட் எப்படி உக்காந்திருக்கு! சில ஜென்மங்களுக்குத் திட்டினாத்தான் கை ஒழுங்கா வேலை செய்யும்."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே என் அறைக்குத் திரும்பினேன். இரண்டு அச்சையும் பழந்துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். இருடா மகனே என்று சொல்லிக்கொண்டேன். வாய்விட்டேதான் சொன்னேன், மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். தட்டு கழுவினேன், வாளி தூக்கினேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையுறை பெரிய அளவிலிருந்து அதற்கும் பெரியதுக்குப் போயிற்று. மட்டமான சரக்கு அனுப்புகிறான் என்று கையுறைக்காரனைப் போனில் கிழித்தார். நிலைப்படியில் வலது தோள் இடித்தது. இரண்டு நாள் கழித்து இடது தோள் இடித்தது. ஒருநாள் பக்கவாட்டில் நின்று வணக்கம் சொன்னவரைக் கவனிக்காமலே தாண்டிப் போனார். எவ்வளவு திமிர் என்று அந்த மனிதர் முணுமுணுத்தார். திமிர் இல்லை, ஓரம் இருட்டிவிட்டது என்று எனக்கு மட்டும் தெரியும். ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் வாய்க்கு வந்தபடி ஏசும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

அண்ணி இரண்டு முறை கேட்டார். "சொல்லிட்டேன் அண்ணி, மறுநாளே சொல்லிட்டேன். போய்ப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார்" என்று கூசாமல் புளுகினேன்.

"தலைவலியால எரிஞ்சு விழுவார், பாவம். கொஞ்சம் பொறுத்துக்க" என்றார் அண்ணி.

"பதினாலு வருஷமாவா தலைவலி?" என்றேன்.

ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை, உதவியாளப் பெண் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு ஓடிவந்தாள். மரத்துப்போகப் போடுகிற ஊசியை அவள் பக்கவாட்டிலிருந்து நீட்டியிருக்கிறாள். டாக்டர் அதைப் பார்க்காமல் கையை வீசித் துழாவியதில் ஊசி அவள் கையிலேயே ஏறிவிட்டது. நல்லவேளை, அது இன்னும் யாருக்கும் போடாத ஊசி. குத்தியதும் போதாதென்று நோயாளி முன்னாலேயே அவளைக் கண்டபடி ஏசியிருக்கிறார்.

"நான் சரியாத்தான் நீட்டினேன் அக்கா" என்று அழுதாள்.

அவர் கண் மட்டும்தான் போகும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். இந்தப் பெண்ணை நான் யோசிக்கவே இல்லை. கையைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு, துணிமூட்டையோடு டாக்டர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை. கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் சாத்தவில்லை.

இரண்டு அச்சையும் அவர் முன்னால் வைத்தேன். "இதுவும் உங்க தாடை, இதுவும் உங்க தாடை. பழைய அச்சுல பண்ணச் சொன்னது நீங்க. என் கையில தப்பு இல்ல டாக்டர், உங்க தாடை வளர்ந்திருக்கு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"என் மூக்கையே பாருங்க" என்று அதட்டினேன். பதினான்கு வருஷத்தில் முதல்தடவை. அதிர்ச்சியில் பார்த்தார். இரண்டு கையையும் அகல விரித்து, விரல்களை ஆட்டினேன். "எந்தக் கை ஆடுது?"

"எந்தக் கை? எங்க கை?" என்றார்.

கூடத்திலிருந்தவர்கள் எல்லாரும் என் விரல்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. படித்த மனிதர் அல்லவா, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நெற்றியில் வேர்வை பூக்க, அந்த இரண்டு தாடைகளையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தார். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. இனித்தது, பொய் சொல்வானேன்.

அந்த வாரமே மூக்கு வழியாகக் கட்டியை எடுத்தார்கள். இடது ஓரம் திரும்பி வந்தது, வலது ஓரம் வரவில்லை. ஒன்றரை மாதம் முன்னால் வந்திருந்தால் அதுவும் திரும்பியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்களாம் பெரிய டாக்டர்கள். அந்த ஒன்றரை மாதம் என் காதில் விழுந்தபோது கையிலிருந்த பிளாஸ்டர் இறுகிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் வேலைக்குத் திரும்பினார். துளைக்கிற மெஷினை இனி இன்னொரு டாக்டர் பிடிப்பார், இவர் பார்த்து எழுதிக் கொடுப்பதோடு சரி. வந்த அன்று என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். எனக்கென்று ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

"இவங்களை நான் இதே இடத்துல அவமானப்படுத்தினேன். அதுக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். கண்டுபிடிச்ச அன்னிக்கே இவங்க ஓடிவந்து சொல்லலன்னா, நான் இன்னிக்கு முழுக் குருடன்" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். கண்டுபிடித்த அன்றைக்கே என்றதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அவருக்கு எதுவும் தெரியாது, தெரியாமல்தான் சொல்கிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உன்கிட்ட வந்து சொல்ல நேரமே அமையல, உங்க டாக்டரை எங்க வார்டுலதான் வச்சிருந்தாங்க. எனக்கு வந்ததே கோவம்! என் தம்பி பெண்டாட்டி அத்தனை சீக்கிரம் சொல்லியும் ஆறு வாரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு நேராவே கேட்டுட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அவ உங்ககிட்ட அந்தப் படத்தைக் காட்டினது என்னிக்குன்னு மட்டும் கேட்டார். சொன்னேன்."

வேலையை விட்டுப் போய்விட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். போனால் அந்த ஆள் ஜெயித்ததாக ஆகிவிடாதா? மறுநாள் வழக்கம்போல் போனேன். பத்து மணிக்குப் புதிதாக ஒரு நோயாளி வந்தார். டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போய் அவருடைய வலதுபக்கம் நின்றேன்.

"இவங்கதான்" என்று நோயாளியிடம் ஆரம்பித்தார். "கண்டுபிடிச்ச அன்னிக்கே ஓடிவந்து சொன்னாங்க. ஒருநாள்கூடத் தாமதிக்கல."

சொல்லிவிட்டுத் தலையை முழுதாகத் திருப்பி, பார்க்க முடிகிற இடத்துக்கு என் முகத்தைக் கொண்டுவந்தார். சிரித்தார்.

"இல்லையாம்மா?"

நோயாளி கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் பதிலுக்காகக் காத்திருந்தார், அவசரமே இல்லாமல்.

"ஆமாம் டாக்டர்" என்றேன்.

நாளைக்கும் நோயாளிகள் வருவார்கள்.