குள்ளம்மாள் பக்கத்துச் சத்தம்

மாட்டுத் தரகர் சவுரியப்பன் கடத்தூர்ச் சந்தையில் வாயைத் திறந்தால், பொம்மிடி ஸ்டேஷனில் நிற்கிற ரயில் கொடி காட்டாமலே கிளம்பிவிடும் என்பார்கள். அது புகழ்ச்சியா கேலியா என்று அவர் விசாரித்ததில்லை. தன் பக்கம் வருகிற சரக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவர் தொழிலில் படித்த பாடம்.

அந்தத் தொண்டையை வாரத்தில் ஒருநாள் மாடுகளுக்கும் மாதத்தில் ஒருநாள் ஆண்டவருக்கும் கொடுத்துவந்தார். அவருடைய ஊர் சூசைக்கொட்டாய். கொஞ்சம் ஓட்டு வீடுகள், நிறையக் கூரை வீடுகள், நடுவில் ஒரு சின்னக் கோயில். பங்குச் சாமியார் ஞானாதிக்கம் மாதத்தில் ஒரு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் புழுதியோடு வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் ஊரே கூடி ஜெபம் சொல்லிக்கொள்ளும்.

அப்போது பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "தோமினுஸ் வொபிஸ்கும்" என்பார். ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கும். "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்று சவுரியப்பன் ஒருவர் மட்டும் பதில் சொல்வார். அர்த்தம் அவருக்கும் தெரியாது. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும்போது, பக்கத்தில் நிற்கிறவனுக்குப் புரிந்துவிட்டால் தரகனுக்கு என்ன மரியாதை? கடவுளுக்கும் சூசைக்கொட்டாய்க்கும் நடுவில் அவர் ஏகத் தரகராக இருந்தார். இளம் வயதில் பிடித்த இடம். மீசை நரைக்கும்வரை எவனும் கேட்டதில்லை.

அறுபதுகளின் கடைசியில் பூசை தமிழுக்கு வந்தது. பீடம் திரும்பியது. சாமியார் ஊரைப் பார்த்து நின்று, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் பழக்கதோஷம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சவுரியப்பன் தமிழ்ப் பதிலையும் ஒரே மாதத்தில் மனப்பாடம் பண்ணிவிட்டார். சரக்குதான் மாறியது, கடை தன்னுடையதுதான் என்று நிம்மதியாக இருந்தார்.

அப்போதுதான் ரயில்வே கேட்டுக்குச் சென்னப்பன் மாற்றலாகி வந்தான். கூடவே அவன் மனைவி குள்ளம்மாள் வந்தாள்.

பேருக்கேற்ற உயரம். முக்காட்டோடு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் முன்வரிசைக்குப் பின்னால் இருப்பதே தெரியாது. முதல் ஞாயிறு சாமியார் சொல்லி முடித்தார், சவுரியப்பன் மூச்சை இழுத்தார், அந்த இடைவெளியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. வெண்கலக் கும்பாவை விரலால் சுண்டினது போல. சவுரியப்பனின் பதில் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

"யாரு அது?" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"கேட்டுக்காரர் சம்சாரம். நல்லா இருந்துச்சில்ல?" என்றாள் அவர் மனைவி சின்னம்மாள்.

"தொண்டையா அது? ரயிலு ஊதறாப்பல."

"உங்களுக்கு மட்டும் என்னாங்க, குயிலா கூவுது?"

அன்றைக்குக் களி உருண்டையைத் தட்டோடு தள்ளி வைத்தார்.

குள்ளம்மாள் குரலோடு நின்றிருந்தால் அவர் பொறுத்திருப்பார். அவள் வீடு வீடாகப் போனாள். ராகி அரைக்கிறவளோடு உட்கார்ந்து கல்லைச் சுற்றிக்கொண்டே பதில்களைச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். மாமியாரோடு முறைத்துக்கொண்டு கோயிலுக்கு வராமல் இருந்தவளை, மாமியார் கையையே பிடிக்க வைத்துக் கூட்டிவந்தாள். எழுத்து தெரியாத கிழவிகள்கூட விசுவாசப் பிரமாணம் என்ற நீள ஜெபத்தை நடுவில் மூச்சுவிடாமல் சொன்னார்கள். சில மாதத்தில் பெண்கள் பக்கம் பாய் போதாமல் வாசல்வரை நிறைந்தது. சாமியார் வாயெடுத்தால் அந்தப் பக்கமிருந்து பதில் அலையாக வந்து மோதியது. ஆண்கள் பக்கம் சவுரியப்பன் ஒற்றை ஆளாகக் கத்தினார். கல்யாண வீட்டில் மேளத்துக்கு எதிரே மூக்குச் சிந்தினால் கேட்கிற அளவுதான் கேட்டது.

இதில் பெரிய கொடுமை, சின்னம்மாளும் அந்தப் பக்கம் சேர்ந்து கத்தியதுதான்.

"எம் பொண்டாட்டி எனக்கே எதிர்க்கட்சியா?"

"நான் ஆண்டவருக்குப் பதில் சொல்றங்க. உங்களுக்குச் சொல்லணும்னா வூட்ல சொல்றன்."

தரகர் யோசித்தார். எதிராளி கொழுத்த ஜோடியை இறக்கினால் அதைவிடக் கொழுத்த ஜோடியை இறக்கணும். மறுநாளே கிளம்பினார். முதல் வீடு கிணறு வெட்டுகிற இன்னாசியுடையது. ஜெபம் சொல்லிக்கொடுத்த பழைய உபதேசியாரோடு சண்டை போட்டுக்கொண்டு கோயில் படி மிதிக்காமல் இருந்தவன். உபதேசியார் செத்தும் அவன் கோபம் சாகவில்லை.

"இன்னாசி, நீ கிணத்துக்கு அடியிலருந்து கத்தினா மேல இருக்கறவனுக்குக் கேக்குமா?"

"கேக்காம? பக்கத்து ஊருக்கே கேக்கும்."

"அப்ப ஞாயித்துக்கெழம வா."

"கோயிலுக்கா? நான் எதுக்கு வர்றதுங்க?"

"பொம்பளைங்க நம்மள அமுக்கறாங்கடா. உன் சம்சாரம் போடற சத்தத்தக் கேட்டியா? வூட்லயும் அவதான் சத்தம், கோயில்லயும் அவதானா?"

இன்னாசி வந்தான். பக்திக்கு வராதவன் ரோஷத்துக்கு வந்தான். அப்படியே சவுரியப்பன் ஒவ்வொருவனாகப் பிடித்தார். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் போய் உட்கார்ந்து எப்போது தேறுவான் என்று கேட்டார். ஒருவனை ஞாயிற்றுக்கிழமை காலையில் சாராயக்காரன் வீட்டுப் பக்கம் போகவிடாமல் வரப்பிலேயே மறித்தார். பாகப் பிரிவினையில் பேசாதிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு நடுவே, மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரியே பேசி முடித்து, இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்தார். ஒவ்வொரு தலைக்கும் ஒரு தொண்டை என்பதுதான் அவருடைய கணக்கு. ஞானாதிக்கம் சாமியாருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

"சவுரியப்பா, உமக்குள்ள பரிசுத்த ஆவி இறங்கியிருக்கார்" என்றார் கண்கலங்கி.

இறங்கியிருந்தது வேறு என்று சவுரியப்பனுக்குத் தெரியும். ஆனால் வந்த பாராட்டை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவர் பரம்பரையில் இல்லை.

சாமியார் ஜெபங்களை ஒரு வரி ஆண்கள், ஒரு வரி பெண்கள் என்று பிரித்துவிட்டார். கோயில் ஓடு அதிர்ந்தது. என்னதான் நடக்கிறது என்று பக்கத்துக் கொட்டாய்க்காரர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். கோயில் நிறைந்தது. சவுரியப்பனுக்கு வயிறு மட்டும் நிறையவில்லை. இன்னாசி பதினைந்து ஆள் சத்தம் போட்டாலும், பெண்கள் சொல்லும்போது ஊர் கண்ணை மூடிக்கொண்டது. ஆண்கள் சொல்லும்போது காதை மூடிக்கொண்டது.

ஒரு ஞாயிறு ஜெபம் முடிந்து எல்லோரும் எழும்பும் நேரம் அவர் தொழில் புத்தியைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார்.

சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. மாடு மனசுக்குப் பிடித்துவிட்டால் முதலில் அதைக் குறை சொல்லணும். சுழி சரியில்லை, நடையில் கோணல், பல் போதாது. மாட்டுக்காரனுக்கும் தெரியும், கேட்கிறவன் குறை சொல்வது வாங்கத்தான் என்று. அவன் கொஞ்சம் இறங்கிவருவான், இவர் கொஞ்சம் ஏறிப்போவார். குள்ளம்மாளையும் சுழி சொல்லிக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்று நினைத்தார்.

"எல்லாம் சரிதான். ஆனா பொம்பளைங்க பக்கம் பதிலு முந்துது. சாமியார் முடிக்கறதுக்குள்ள ஆரம்பிச்சா எப்படி? இது கோயிலு. கேட்டுல நின்னு ரயிலுக்குக் கொடி ஆட்டறது இல்ல. நாளைக்கு மாத்தல் வந்தா மூட்டையக் கட்டிட்டுப் போறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

குள்ளம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பதில் வரும், பேரம் தொடங்கும் என்று அவர் காத்திருந்தார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. தண்டவாளத்தோரமாகவே நடந்து பொம்மிடிப் பக்கம் பூசைக்குப் போகிறாளாம். ஆண்கள் பக்கம் ஜெயித்தது. சவுரியப்பனின் முதல் பதில் முழங்கியபோது எதிர்ப்பக்கம் பெண்கள் முணுமுணுத்தார்கள். சின்னம்மாள் வாயையே திறக்கவில்லை. சவுரியப்பன் மீசையை நீவிக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் பெண்கள் பக்கம் பாய் தெரிந்தது. அதற்கடுத்த வாரம் ஆண்கள் பக்கமும்.

"ஏண்டா இன்னாசி, வரல?" என்று கிணற்றுமேட்டில் போய்க் கேட்டார்.

"யாருக்கு எதிரா கத்தறதுங்க? எங்க வூட்டுக்காரியே அங்க வர்றதில்ல. எதிர்ல ஆளில்லாம கபடி ஆடச் சொல்றீங்களே."

அந்த மாதம் சாமியார் வந்து காலி இடத்தைப் பார்த்தார். "கூட்டம் இப்படின்னா நான் மூணு மாசத்துக்கு ஒருமுறை வந்தா போதும். மத்த நாளுக்கு நீங்க பெரிய பங்குக் கோயிலுக்கு வந்துடுங்க" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆறு மைல் நடந்து யார் போவார்கள்? கோயில் பூட்டுத்தான். பூட்டின கோயிலில் யாருக்குத் தரகு?

"ஒரே கடை இருக்கற சந்தைக்கு ஆளு வருமாங்க?" என்றாள் சின்னம்மாள், ராகி மாவைச் சலித்துக்கொண்டே. "உங்க பொழப்பு உங்களுக்கே தெரியலியே."

சவுரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு நடந்தார்.

குள்ளம்மாள் குடிசை வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். சென்னப்பன் கேட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"குள்ளம்மா, நான் அன்னைக்குச் சொன்னது..." என்று தொடங்கினார். கூட்ஸ் வண்டி வந்தது. அவருடைய மன்னிப்பு முழுவதும் சக்கரத்துக்கு அடியில் போயிற்று. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி போனதும் அவள் கேட்டாள்.

"என்னாங்கண்ணா சொன்னீங்க? கேக்கல."

கேட்டிருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். இருந்தாலும் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது, இப்போது வண்டிக்காரனுக்கும் சேர்த்து. "தப்புத்தாம்மா. சந்தப் பேச்சு. நல்ல மாட்டத்தான் நாங்க குறை சொல்லுவோம்."

"என்னய மாடுன்னு சொல்லத்தான் இவ்ளோ தூரம் நடந்து வந்தீங்களா?"

சென்னப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"வாம்மா. என்ன வேணும், கேளு. முன்வரிசையா? முதல் பதிலா? எடுத்துக்க" என்றார் சவுரியப்பன்.

அவள் மொச்சையைக் கீழே வைத்தாள். "எனக்கு முன்வரிசை எதுக்குங்க? ஒண்ணு சொல்லட்டுங்களா? உங்க இன்னாசி கத்தறானே, அந்தத் தொண்டைய நெனச்சு எனக்கு எத்தன நாளு எரிச்சலு தெரியுங்களா? என் பொம்பளைங்க கூட்டத்துல அப்படி ஒரு குரலு இல்லியேன்னு."

இந்த எரிச்சல் சரக்கு அவள் கடையிலும் இருக்கும் என்று சவுரியப்பன் நினைத்ததே இல்லை.

"அதனால மாத்திக்கலாங்க" என்றாள் குள்ளம்மாள். "ஆம்பளைங்களுக்கு நான் சொல்லிக்குடுக்கறன். ஆரம்பிச்சும் குடுக்கறன். பொம்பளைங்கள நீங்க எடுத்துக்குங்க. சம்மதம்னா வரன்."

"நான் தேடிப் பிடிச்ச ஆளுங்களா உனக்கு?"

"நான் தேடிப் பிடிச்ச ஆளுங்க உங்களுக்கு."

தரகர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யோசித்துப் பார்த்தார். இறக்க இடமில்லை. ஏற்றவும் இடமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விலைக்குச் சுழி சொல்லாமல் தலையாட்டினார்.

சாமியாரின் அடுத்த பூசைக்குச் சேதி பரவி, பக்கத்துக் கொட்டாய்க்காரர்கள்கூட வந்து வாசலில் நின்றார்கள். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார் சாமியார். பெண்கள் பக்கத்திலிருந்து குள்ளம்மாள் ஆரம்பித்துக் கொடுக்க, ஆண்கள் சொன்னார்கள். கத்தவில்லை. சொன்னார்கள். இன்னாசியின் குரல் கிணற்று ஊற்று மாதிரி அடியிலிருந்து மேலேறிக் கூரையைத் தொட்டு நின்றது. இத்தனை நாள் அந்தக் குரல் தன்னிடம்தான் இருந்தது, தனக்கு அதை ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்ததும் சவுரியப்பனுக்கு நெஞ்சு காந்தியது. அடுத்த வரி பெண்களுக்கு. அவர் எடுத்துக் கொடுத்தார். சின்னம்மாள் புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் கேட்டே இராத ஒரு குரலில் சொன்னாள். அதைக் கேட்ட குள்ளம்மாளின் முகம் சுருங்கியது. சவுரியப்பன் பார்த்துவிட்டார். பாதி எரிச்சல் ஆறிற்று. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

"அடுத்த மாசம் கட்டாயம் வரன்" என்று சொல்லிவிட்டுச் சாமியார் மோட்டார் சைக்கிளை உதைத்தார். சவுரியப்பனுக்கு அது காதில் விழவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து இன்னாசியின் மனைவியைத் தேடிப் பிடித்தார்.

"ஏம்மா, உங்க ஆத்தா ஒருத்தி இருக்காளே, மலையடிவாரத்துல. அவ ஏன் கோயிலுக்கு வர்றதில்ல?"

"கால் முடியலீங்கண்ணா."

"காலு கெடக்கட்டும். வண்டி நான் அனுப்பறன். தொண்டை எப்படி?"