யாரும் கூப்பிடாத மூன்று எண்கள்

ஆண்டிமடத்தில் காத்தாயி அக்கா லேப்டாப் திரையில் தன் முந்திரி மரத்துக்கு வந்த நோயின் படத்தைச் சொடுக்கினார். தண்டில் புழு துளைத்த ஓட்டையின் படம். திறந்த பக்கமோ, பூவில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சி உட்காராமலிருக்க என்ன தெளிக்கலாம் என்று விலாவாரியாக விளக்கியது.

"எனக்கு ஓட்டை அடிமரத்துல இருக்குது. இது பூவுக்கு அடிக்கச் சொல்லுதே" என்றார் அக்கா.

மகளிர் குழுவில் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பு என்னுடையது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஜெயசித்ரா மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் பக்கங்களை எழுதியவர் அவர்தான். அரியலூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை. மூன்று வருடம் முந்திரித் தோப்புகளில் அலைந்து, நோயைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மருந்து எழுதி இணையப் பக்கங்களாகச் செய்திருந்தார். படத்தைச் சொடுக்கினால் அதற்குரிய வைத்தியம் திறக்கும். தோப்பில் சிக்னல் கிடைக்காது என்பதால் எல்லாம் பென்டிரைவில். ஐந்து ஊர்க் குழுக்களுக்கு ஐந்து பென்டிரைவ்.

நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அறிவரசன். பெயரை வைத்தவர்கள் என்னைப் பார்ப்பதற்கு முன்பே வைத்துவிட்டார்கள். மேடத்தின் லேப்டாப் படுத்துவிட்டதால், அவர் கையில் மிஞ்சிய ஒரே பென்டிரைவோடு வேலை என்னிடம் வந்தது. "அப்படியே அஞ்சு காப்பி போட்டுக் குடுங்கண்ணே" என்றார். அவ்வளவுதான் வேலை.

அப்படியே என்பது எனக்கு வராத ஒன்று. ஃபைல்களுக்கு ஒன்று, இரண்டு என்று நூற்று நாற்பது வரை எண்கள்தான் பெயர். எண்ணிப் பார்த்தால் நூற்று முப்பத்தேழுதான் இருந்தன. வேண்டாத மூன்று பக்கங்களை அவர் எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார். கல்யாணப் பந்தியில் நடுவே ஓர் இலை காலியாக இருந்தால், எல்லோரையும் ஓர் இலை தள்ளி உட்காரச் சொல்கிற ஆள் நான். அதையே இங்கேயும் செய்தேன். எட்டை ஏழாக்கினேன், ஒன்பதை எட்டாக்கினேன், இடைவெளியில்லாமல் நூற்று முப்பத்தேழில் முடித்தேன். ஒழுங்கானது ஒன்று இருக்கும்போது ஒழுங்கில்லாதது எதற்கு என்று பழையதை அழித்தேன். முதல் மூன்று பக்கங்களைச் சொடுக்கிப் பார்த்தேன். சரியாகத் திறந்தன. டீ குடிக்கப் போய்விட்டேன்.

பக்கங்களுக்குள் இருந்த லிங்க்குகள் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தன. எட்டைக் கூப்பிட்டால் ஒன்பது வந்து நின்றது. லிங்க் அறுந்திருந்தால் பக்கமே திறக்காது, யாரும் நம்பவும் மாட்டார்கள். இது திறந்தது. தெளிவாக, படத்தோடு, தப்பாகத் திறந்தது.

ஆண்டிமடத்தில் இது எங்களுக்குப் புரிந்த அன்று வியாழக்கிழமை. தோப்புகளில் பூ வந்துவிட்டது. திங்கட்கிழமை மருந்தடிக்கத் தொடங்குவார்கள். மேடம் மற்ற நான்கு ஊர்களுக்கும் போன் போட்டு, லேப்டாப்பை மூடி வைக்கச் சொன்னார். ஆனால் திங்களுக்குள் சரியான பக்கம் வராவிட்டால், மருந்துக் கடைக்காரர் எந்த பாட்டிலை நீட்டுகிறாரோ அதுதான் மரத்துக்கு.

கோபமா என்று கேட்டேன். "மொதல்ல வேலையப் பாப்போண்ணே" என்றார். எந்த மூன்று எண்களை எடுத்தீர்கள் என்று கேட்டேன். அது அவருக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடையில் 'ஜெராக்ஸ் இன்று இல்லை' என்று எழுதி ஒட்டினேன். எதிர்க்கடையில் நல்ல கூட்டம். நோட்டில் ஒன்றிலிருந்து நூற்று நாற்பது வரை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, அது எந்த எண்ணை எல்லாம் கூப்பிடுகிறது என்று குறித்தேன். மதியத்துக்குள் நோட்டு முழுக்க டிக். ஏழு, முப்பத்தொன்று, எண்பத்தெட்டு ஆகிய மூன்றை மட்டும் எந்தப் பக்கமும் கூப்பிடவில்லை. காலி இலைகள் அவைதான்.

இனி எல்லோரையும் பழைய இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கடைசி ஆளை முதலில் எழுப்பினால்தான் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். நூற்று முப்பத்தேழை நூற்று நாற்பதாக்கி, அங்கிருந்து பின்னோக்கி வந்தேன். இந்த முறை மூன்றோடு நிறுத்தவில்லை. சனிக்கிழமை முழுக்க நூற்று முப்பத்தேழு பக்கங்களையும் படித்து, ஒரு லிங்க் விடாமல் சொடுக்கினேன். படமும் வைத்தியமும் பொருந்துகிறதா என்று சந்தேகம் வந்தபோதெல்லாம் மேடத்துக்குப் போன் போட்டேன். இருபத்தாறு முறை. இருபத்தேழாவது முறை, குன்னம் ஊருக்கு அடுத்து அவர் எழுதப்போகும் வெங்காய நோய்ப் பக்கங்களுக்குக் காப்பி போடுகிற வேலை எனக்குக் கிடைக்குமா என்று கேட்டேன்.

"பாக்கலாண்ணே" என்றார்.

எங்கள் பக்கத்தில் பாக்கலாம் என்றால் சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், நடையைக் கட்டு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் நான்கு ஊர்களுக்கும் போய்ப் பென்டிரைவை மாற்றிக் கொடுத்தேன். ஒவ்வோர் ஊரிலும் பத்துப் படங்களையாவது சொடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசியாக ஆண்டிமடம். மேடம் எனக்கு முன்பே வந்திருந்தார். காத்தாயி அக்கா அதே ஓட்டையைச் சொடுக்கினார். பட்டையைச் செதுக்கு, உள்ளே இருக்கும் புழுவைத் தோண்டி எடு, பிறகு மருந்து தடவு என்று பக்கம் திறந்தது.

அக்கா படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுவும் நீ செஞ்சதுதானா தம்பி?"

"ஆமாக்கா."

"அப்ப இன்னொருக்கா படிச்சுக்கறேன்" என்று மறுபடியும் படித்தார். பிறகு எழுந்து உளி தேடப் போனார்.

வெளியே வந்து பைக்கை எடுத்தவன் திரும்ப நிறுத்தினேன். "மேடம், திட்டுறதுன்னாலும் பரவாயில்ல. வெங்காய வேலை உண்டா இல்லையான்னு நேராச் சொல்லிடுங்க."

அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"காப்பி போடுற வேலை உங்களுக்குக் கிடையாதுண்ணே. போட்ட காப்பியத் தொறந்து பாக்குற வேலை உங்களுக்குத்தான். எழுதுன நானே எல்லாத்தையும் ஒரு மூச்சா உக்காந்து படிச்சதில்ல. நீங்க படிச்சிருக்கீங்க."