லூர்துபுரத்தில் ஒரு டிராகன் அழுதது

என் மனைவி தெரசம்மாளுக்காக ஒரு டிராகன் அழுதது. அது விட்ட கண்ணீரில் மேட்டூர் அணை நிரம்பி, மிச்சத்தை ஏற்காட்டு மலைமேல் ஏற்றிவிட வேண்டியதாயிற்று.

நம்பாதவர்களில் முதல் ஆள் வெள்ளியங்கிரி. திருச்செங்கோட்டுக்காரர், ஓய்வு பெறும்வரை லாரி புக்கிங் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி.

ஓய்வுக்குப் பிறகு நானும் தெரசாவும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் ஊர் கட்டினோம். உலகமெங்கும் இருந்து ஆளுக்கொரு வேஷத்தில் வந்து ஆடுகிற விளையாட்டு அது. லூர்துபுரம் என்று பெயர் வைத்தவள் அவள்தான். நான் ஊர்த்தலைவர். குடிகள் மூன்று கோடி. எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் குறையும். அங்கே அவள் தன் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி, போகிற வருகிற பூதம், மந்திரவாதி, கொள்ளைக்காரன் எல்லாரையும் ‘சாப்டியா சாமி?’ என்று தமிழிலேயே தட்டிக் கேட்பாள். போலந்திலிருந்து டிராகனாக வருகிற ஒருவன் அதுதான் எங்கள் ஊர் வணக்கம் என்றே நினைத்துவிட்டான்.

அவள் போனபின் அஸ்தம்பட்டியில் நாங்கள் குடியிருந்த நிஜ வீட்டு அடுப்பு அணைந்தது. லூர்துபுரத்து அடுப்பு அணையவில்லை. மாதம் ஒருமுறையாவது வீட்டுக்காரர் வந்து கதவைத் திறக்காவிட்டால் வீடு இடிந்துவிடும் என்பது அந்த விளையாட்டின் சட்டம். அவள் கணக்கில் நுழைந்து நான் திறந்து வந்தேன். உள்ளே அவள் உருவம் நீலப் புடவையில் நிற்கும். கொஞ்சம் நடக்க வைப்பேன்.

“ஏனுங்க கஸ்பாரு, ஊரு ஊருங்கறீங்க. ஊருன்னா செத்தவங்களுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் இருக்கோணுமல்லங்க?” என்று ஒருநாள் சீண்டினார் வெள்ளியங்கிரி.

“வெக்கிறேன்யா! கோபுர உசரத்துக்கு வெக்கிறேன்!”

வைத்தேன். ஊர் வாசலில் அவள் படத்தோடு, தோற்றம், மறைவு போட்டு. மூலையில் ‘கண்ணீருடன் வெள்ளியங்கிரி’ என்றும் சேர்த்தேன். குடிகள் பூ வைத்தார்கள். விளையாட்டுக் கம்பெனிக்காரனும் பார்த்தான். இறந்தவர் கணக்கை இன்னொருவர் திறக்கக் கூடாதாம். பூட்டிவிட்டான். கெஞ்சினேன், மரியாதையாக மறுத்தான்.

வீடு இடியும் நாள் வந்தது. காலையிலேயே வெள்ளியங்கிரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாஞ்சொல்லித்தானுங்களே இப்படி ஆச்சு?”

“அத விடுய்யா. மூணு கோடிப் பேரு வராங்க, பாரு.”

“பொம்மைதானுங்களே வரும்.”

வந்தார்கள், கையில் மெழுகுவர்த்தியோடு. எப்போதும் நெருப்பு கக்கியபடி கூரைமேல் இறங்கும் டிராகன், அன்று நடந்து வந்தது. சுவர் போயிற்று. கூரை போயிற்று. கடைசியில் அடுப்பு. அப்புறம் வெறும் புல்தரை.

டிராகன் அந்தப் புல்லில் தலையைச் சாய்த்தது. தலைக்கு மேலே எழுத்து வந்தது: ‘சாப்டியா சாமி?’



அந்த விளையாட்டில் அழுவதற்கும் ஒரு பொத்தான் உண்டு. டிராகனின் கண்ணிலிருந்து நீலச் சொட்டுகள் விழுந்தன. நிற்கவில்லை. போலந்தில் யாரோ ஒருவன் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான்.

வெள்ளியங்கிரி துண்டை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து டீக்கடையில் மேட்டூர் அணை நிரம்பிய கதையை அவிழ்த்துவிட்டேன். கடையே சிரித்தது. வெள்ளியங்கிரி மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அணை ரொம்புனதெல்லாம் பொய்யிங்க. ஆனா அது அழுதுச்சுங்க. நான் பாத்தனுங்க.”