தொட்டியை விட்டு இறங்கியவள்

இந்தத் துண்டு போதாதே என்றுதான் சுகன்யாவுக்கு முதலில் தோன்றியது. சுவரில் மாட்டியிருந்த தகரப் படத்திலிருந்து இறங்கி வந்த சிறுமி, சொட்டச் சொட்ட அவள் மேசையருகே நின்றிருந்தாள். சுகன்யாவிடம் இருந்ததோ முகம் துடைக்கிற சின்னத் துண்டு. சிறுமிக்கோ அடர்த்தியான தலைமுடி, சுருட்டை வேறு. மணி ஒன்றேகால். சங்ககிரி பைபாஸ் ஓரத்துச் சோப்புக் கம்பெனியில் அது சாப்பாட்டு நேரம். துவட்டத் துவட்ட, சிறுமியின் கழுத்திலிருந்து கால்வரை பூசியிருந்த வெள்ளை, சுண்ணாம்பு மாதிரி துண்டோடு வந்துவிட்டது. அதற்கடியில், முகத்தில் இருந்த அதே கறுப்புதான் உடம்பெங்கும் இருந்தது.

தகரத்தைக் காரைக்குடியில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கி வந்தவர் முதலாளி ஜெகதீஸ்வரன். நூற்றுமுப்பது வருஷத்துக்கு முந்தைய சீமைச் சோப்பு விளம்பரம் அது. இடப்பக்கம் தொட்டிக்குள் ஓர் ஆப்பிரிக்கச் சிறுமி, அருகில் பிரஷோடு ஒரு வெள்ளைக்காரச் சிறுமி. வலப்பக்கம் அதே ஆப்பிரிக்கச் சிறுமி, கழுத்துக்குக் கீழே வெள்ளையாகித் தொட்டியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அந்தக் காலத்தில் சோப்பு விற்க இந்தப் படத்தைத்தான் ஆளாளுக்கு மாற்றி மாற்றி வரைந்தார்கள். வாங்கியவர்கள் யாருக்கும் உறுத்தவில்லை. ஜெகதீஸ்வரனுக்கும் உறுத்தவில்லை. புதுச் சோப்பின் உறைக்கு இதையே போடலாம், பழைய படமென்றால் ஜனங்களுக்குத் தனி மரியாதை என்றார். ஆனால் சேலத்து அச்சகத்திலிருந்து மாதிரி வந்தபோது இரண்டு பக்கமும் தொட்டி காலியாக இருந்தது. வெள்ளைக்காரச் சிறுமி மட்டும் பிரஷைப் பிடித்தபடி, யாரைத் தேய்ப்பதென்று தெரியாமல் நின்றாள். மூன்று முறை அச்சடித்தும் அப்படியேதான் வந்தது. இதற்குள் இறங்கியவள் பேக்கிங் பெண்களோடு ஒட்டிக்கொண்டாள். அவர்களில் மூத்தவளான கண்ணாத்தாள் டிபன் மூடியில் தக்காளிச் சோறு வைத்து நீட்டினாள். "உண்ணு சாமி. இத்தன வருசம் தண்ணிக்குள்ளயே உக்கார வெச்சிருந்தா பசிக்காம என்ன பண்ணும்" என்றாள். தகரத்துக்குத் திரும்புகிற எண்ணம் சிறுமிக்கு இல்லை. கண்ணாத்தாள் வீட்டிலேயே தங்கினாள். ஜூனில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். பிறந்த வருஷத்தைக் கம்ப்யூட்டர் ஏற்காததால், தலைமையாசிரியர் நூற்றுமுப்பது வருஷத்தைத் தள்ளிப் போட்டுச் சரிசெய்தார்.

ஜெகதீஸ்வரன் மட்டும் விடவில்லை. இரண்டு ஓவியர்களை வைத்துப் புதிதாக வரைய வைத்தார். படத்தில் வரைந்த பிள்ளைகளும் வர்ணம் காய்வதற்குள் எழுந்து போனார்கள். கடைசியில், அப்பா அம்மா இருக்கிற பிள்ளையைப் போட்டோ எடுத்தால் அது எங்கே எழுந்து போகும் என்று தோன்றியது. சுகன்யாவைக் கூப்பிட்டார். ஆர்டர் எடுப்பதிலிருந்து லோடு அனுப்புவது வரை ஆபீஸில் எல்லாம் அவள்தான். மேனேஜர் நாற்காலி நான்கு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. அது அவளுக்குத்தான் என்று நான்கு வருஷமாகப் பேச்சும் கிடந்தது.

"உம்பட பாப்பா நல்ல கறுப்புதான அம்மிணி. ஒரே ஒரு போட்டோ. மறுபக்கம் கம்ப்யூட்டர்லயே வெளுத்துருவாங்க. திங்கக்கெழமையிலிருந்து அந்த சீட்டுல நீயே உக்காந்துக்க."

சுகன்யாவுக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்றுதான் யோசனையாக இருந்தது. அவளைப் பெண் பார்க்க அனுப்பிய போட்டோவைத் திருச்செங்கோட்டு ஸ்டுடியோக்காரர், அம்மா கேட்டுக்கொண்டபடி, நன்றாக வெளுத்துக் கொடுத்திருந்தார். பார்க்க வந்த சபரிநாதன், காப்பித் தட்டோடு எதிரில் நின்றவளிடமே, "பொண்ண வரச் சொல்லுங்க" என்றான். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். கல்யாணம் நடந்தது, அவன் நல்லவன்தான். விருந்துக்குப் போகிற இடத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொல்வான், அவளும் அந்த இடம் வந்ததும் தவறாமல் சிரிப்பாள். பத்து வருஷமாக யாருக்காகச் சிரிக்கிறோம் என்று இன்றுதான் தன்னைக் கேட்டுக்கொண்டாள். எட்டு வயது மகள் கனிஷ்காவுக்கும் அந்தக் கதை மனப்பாடம். போன ஞாயிற்றுக்கிழமை குளியலறையில், பீர்க்கு நாரால் தேய்த்துத் தேய்த்து முழங்கை ரத்தம் கசிய நின்றாள். சுகன்யா பதறிப்போய் நாரைப் பிடுங்கியபோது, "கொஞ்சம் வெளுத்திருக்கு பாரும்மா" என்று கையைத் தூக்கிச் சந்தோஷமாகக் காட்டினாள்.

மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. சங்ககிரி மலை தெரியும், மத்தியானத்தில்கூடக் காற்று வரும். சுகன்யாவுக்கு அந்த இடத்தின் மேல் ஆசை இருந்தது, இப்போதும் போய்விடவில்லை.

"பாப்பா வரமாட்டாளுங்க."

ஜெகதீஸ்வரன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இதிலென்ன அவசரம், ஊட்டுல சபரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மெதுவாச் சொல்லு என்றார். வாழப்பாடி லோடுக்காக டிரைவர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். சுகன்யா பில்லை எடுத்துக்கொண்டாள்.

"கேக்க வேண்டியதில்லீங்க" என்றாள்.