இருபத்தேழாம் தட்டு

பாகலூர் விதைப் பண்ணையின் நிழல்வலைக் கொட்டகைக்குள் ரேவதி அன்று ஏழாவது தடவையாக நுழைந்தாள். நாற்பது தட்டு மணலில் நாற்பது ரகக் கோதுமை. எது உப்பைத் தாங்கும் என்று பார்க்கும் வேலை அவளுடையது. பதின்மூன்று நாளாக எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர்தான். முப்பத்தொன்பது ரகம் நுனி கருகித் தலை தொங்கிவிட்டது. கதவோரம் இருந்த இருபத்தேழாம் நம்பர் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

சந்தோஷப்பட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? முடியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் முந்தின நாளே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லித் தொலைத்திருந்தாள். வேப்பனப்பள்ளியில் அப்பா வெங்கடப்பனுக்கு இரண்டு ஏக்கர். போர்வெல் தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சி மண்ணில் உப்பு பூத்து, மூன்று வருஷமாக எதுவும் தேறவில்லை. மனை பிரித்து விற்பவர்கள் நிலத்தைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார்கள். மகள் பேச்சை நம்பி இன்று காலை அவர்களை வேண்டாமென்று அனுப்பிவிட்டார் மனிதர்.

அதைக் கேட்டதிலிருந்து இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்பு அளக்கும் மீட்டரை எடுத்து ஒவ்வொரு தட்டாகச் செருகினாள். பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு. இருபத்தேழில் இரண்டு. துடைத்துவிட்டு மறுபடி செருகினாள். இரண்டேதான்.

தண்ணீர் ஊற்றும் இருளாயியைக் கூப்பிட்டாள். "அக்கா, இதுக்கு உப்புத் தண்ணி ஊத்தலையா?"

"ஊத்தறனே கண்ணு." இருளாயி தயங்கினாள். "மத்தியானம் இங்கதான குந்தி சாப்புடறேன். கண்ணு முன்னால இது வாடிக்கிட்டு நிக்குது, சோறு எறங்கல. கேன்ல மிச்சமிருக்கற நல்ல தண்ணிய உப்பு கீழ எறங்கிப் போற வரைக்கும் ஊத்திருவேன்."

ரேவதிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் பயிரைப் பிழைக்க வைத்த குற்றத்துக்கு ஒருத்தியை என்ன சொல்லித் திட்டுவது? நேற்றே மீட்டரை வைத்துப் பார்க்காத தன்மேல்தான் ஆத்திரம் திரும்பியது. வெளியே போய் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நான் சொன்னது தப்பு. அதுக்கு நல்ல தண்ணி போயிருக்குது."

"அவங்கள வேணாம்னு அனுப்பிட்டனே பாப்பா."

"தெரியும்பா. திருப்பிக் கூப்புடுங்க."

"இரு. அது உப்பத் தாங்காதுன்னு பாத்துட்டியா? இல்ல, இன்னும் பாக்கவே இல்லியா?"

"பாக்கலப்பா."

"அப்பறம் என்ன? பாரு."

"பதினாலு நாளாவும்."

"மூணு வருசம் பாத்தவனுக்குப் பதினாலு நாளு பெருசா?"

உள்ளே வந்து உப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கினாள். இருளாயி பார்க்க மாட்டாமல் வெளியே போய்விட்டாள். ரேவதி நோட்டில் முதல் நாள் என்று எழுதிவிட்டு அந்தப் பச்சையின் அடியில் ஊற்றினாள்.