கார்க்காரி

அந்த வீட்டில் இளைய மருமகளுக்குப் பட்டப்பெயர் கார்க்காரி. மூன்று வருஷத்துக்கு முன் யாரோ போனில் கார் பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்ல, அதை நம்பித் தங்கச் சங்கிலியை விற்றுப் பணம் கட்டி ஏமாந்தவள். பட்டம் சூட்டியது ஓரகத்தி, மூத்த மருமகள். உப்பு வாங்கக் கிளம்பினால்கூட, "கார்லயா போறே?" என்பாள். விருந்தாளி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கதையை முதலிலிருந்து தொடங்குவாள்.

இளையவளுக்கு வேலை அச்சகத்தில், லேபிள்களில் பிழை பார்ப்பது. சூடு பட்ட பிறகு போனில் வரும் போலிப் பரிசுப் பக்கங்களையும் அதே கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டாள். அச்சகத்தில் யாருக்குப் பரிசு விழுந்ததாகச் செய்தி வந்தாலும் முதலில் அவளிடம்தான் காட்டுவார்கள். வீட்டில் இது யாருக்கும் தெரியாது, மூத்தவளின் மகளைத் தவிர.

ஞாயிறு காலை மூத்தவள் போனும் கையுமாகச் சமையலறைக்கு வந்தாள். ஒரு நகைக்கடையின் இணையப் பக்கத்தில் கமெண்ட் போட்டாளாம். அரை மணியில் பதில்: வைர நெக்லஸ் உங்களுக்கே. கார்டு எண்ணையும், பிறகு வரும் ஓடிபியையும் அனுப்பினால் போதுமாம்.

"நீதான் சூடு பட்டவளாச்சே, பாத்துச் சொல்லு."

இளையவள் பார்த்தாள். அசல் கடை என்று காட்டும் நீல டிக் பெயரை ஒட்டி இல்லை, படத்துக்குள்ளேயே ஒட்டியிருந்தது. கடைப் பெயரின் முடிவில் வேண்டாத ஒரு புள்ளி. பக்கம் தொடங்கி நான்கே நாள். மூன்று வருஷமாக எரிந்துகொண்டிருந்த வயிறு குளிர்ந்தது.

"நிஜம்தான்க்கா. நீல டிக் இருக்கே."

மூத்தவள் எண்ணைத் தட்டும்போது மகள் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் கட்ட வேண்டிய பணம் அந்தக் கார்டில்தான் இருந்தது. அந்த வீட்டில் ஒருநாளும் பட்டப்பெயருக்குச் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான்.

"அந்தக் கார்டு வேணாம்மா, ஃபீஸ் இருக்கு."

"கார்க்காரியே பாத்துச் சரின்னுட்டா. அவள விட அனுபவசாலி யாருடி?" மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மகள் சித்தியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது இளையவளின் நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் அப்போது நின்றிருந்தால் வெளியேயும் வந்திருக்கும்.

"நான் பாத்துட்டேன் கண்ணு," என்றாள்.

மகளின் முகம் தெளிந்தது. ஓடிபி போனது.

போன் மூன்று முறை சிணுங்கியது. கணக்கு துடைத்து வைத்ததுபோல் ஆனது. மூத்தவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். மகள் குனிந்து போனை எடுத்து, அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"படத்துக்குள்ள இருக்கற டிக்க நம்பாதேன்னு நீங்கதானே சித்தி எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

மூத்தவள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்தாள். இளையவள் அடுப்பை அணைத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கென்ன தெரியும். நான் கார்க்காரிதானே."