நீல நகம் வளர்ந்த விரல்

புனிதரின் ஆள்காட்டி விரல் எலும்பில் நகம் வளரத் தொடங்கிய அதே வாரத்தில்தான், யாரும் ஏறிப் பார்க்காமலே கோயில் கூரை ஒழுகுவதும் நின்றது. ஊர் கூரையைப் பற்றித்தான் அதிகம் பேசியது. ஒவ்வொரு மழைக்கும் பூசை நடுவில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். விரல் என்னவோ நானூறு வருஷமாகப் பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பேழைக்குள் தேமே என்று கிடந்தது. நகம் வளர்ந்தால் வளர்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். பங்குச் சாமியார் முதலில் மெழுகு சொட்டியிருக்கும் என்றார். அடுத்த வாரம் மெழுகு இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. வெளியூர்க்காரன் எவனாவது பார்த்துவிட்டு, என்னய்யா உங்கள் புனிதர் நகம்கூட வெட்டமாட்டாரா என்று கேட்டுவைக்கப் போகிறான் என்று மானத்துக்குப் பயந்து, சனிக்கிழமைதோறும் வெட்டிவிடும்படி சாவியம்மாவிடம் சொன்னார்.

கோயில் சாவி அவள் கணவரிடம் இருந்தது. அவர் போனபின் இவளிடம் வந்தது, கூடவே கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடும் சாவியம்மா என்ற பெயரும். பெருக்குவாள், விளக்கு துடைப்பாள், பூசை உடுப்புகளைத் துவைத்துத் தேய்த்து மடிப்பாள். ஒரே மகள், சாயப்பட்டறையில் வேலை. நகம் வளர்வதற்கு முந்தின வாரம் பட்டறையில் கொதிகலன் வெடித்துச் சிதறியது. ஆணி அடித்த சவப்பெட்டிகள் வந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டி. திறந்து காட்டட்டுமா என்று பட்டறைக்காரர்கள் கேட்கவில்லை, திறங்கள் என்று இவளும் சொல்லவில்லை. மகள் பெயர் ஒட்டிய பெட்டி ரொம்ப லேசாக இருந்தது. தூக்கிய ஆட்களில் ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைச் சொல்லியும் தொலைத்தார். அன்றிலிருந்து, புதைத்தது தன் மகளைத்தானா, இல்லை வேறு யார் பெற்ற பிள்ளையையோ என்ற ஒரே கேள்வி அவள் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. அது எழுந்து போனால்தானே அழுகை வரும்? வரவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாத அளவுக்கு மரத்துப்போய்விட்டாள். பெருக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

முதல் சனிக்கிழமை பேழையைத் திறந்து விரலை வெளிச்சத்தில் பிடித்தபோது நகத்தின் ஓரமெல்லாம் நீலமாக இருந்தது. சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் அந்த நீலம் உண்டு, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆனால் இடது பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. நடக்கப் பழகிய வயதில் கதவிடுக்கில் விரலை வைத்து நசுக்கிக்கொண்ட அவள் பிள்ளையின் பள்ளம். சாவியம்மா கத்தவில்லை, மயங்கி விழவும் இல்லை. ஓரத்தை ஒட்ட வெட்டினால் ரத்தம் கட்டும் என்று கொஞ்சம் விட்டே வெட்டினாள். பிறகு விரலை அதன் பட்டுத்துணியில் வைத்துப் பேழையைப் பூட்டி, மீதித் தரையைத் துடைத்து முடித்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புனிதரின் விரலாக இருக்கிறவரை அது அங்கேயே இருக்கும், சனிக்கிழமையும் தவறாமல் வரும். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு வருஷம் இப்படியே போயிருக்கும். வெட்டிய நகத்துண்டுகளைப் பங்குச் சாமியார் பஞ்சில் பொதிந்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். ரொட்டிக்கடைக்காரியின் பல்வலி போனது. வாய் திறந்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷி அவள், இப்போது வலியில்லாத வாய் வேறு, கேட்கவேண்டுமா! செய்தி பக்கத்து ஊர், அடுத்த ஊர் என்று தாண்டி ஆயர் இல்லம்வரை போய்விட்டது. அங்கே இருப்பவர்கள் மெய்யா பொய்யா என்று பார்க்காமல் எதையும் தொடமாட்டார்கள். மெய் என்று தெரிந்துவிட்டால் விட்டுவைக்கவும் மாட்டார்கள், நேராகப் பேராலயத்துக்குத்தான்.

பரிசோதிக்க வந்தவர் குருவானவர், படித்தது மருத்துவம். சுருங்காத சட்டை, சத்தமில்லாத செருப்பு, நல்ல மனுஷர். வந்த அன்றே ஊரைக் கூட்டி விதியைச் சொன்னார். திருப்பண்டத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர் யாராவது, நான் இதில் கைவைத்தேன் என்று ஒப்புக்கொண்டால் அத்தோடு விசாரணை முடிந்தது. அந்தப் பண்டம் போலி, மேற்கொண்டு பேச்சில்லை. அதனால் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பேழையின் அடியில் ஓர் அரக்கு முத்திரை இருந்தது. அது எந்த ஆயருடையது என்று தெரிந்துகொள்ள இன்னொரு முத்திரை வேண்டியிருந்தது, அதை மெய்யென்று காட்ட மூன்றாவது ஒன்று. அந்த வழியைப் பாதியிலேயே விட்டுவிட்டு எலும்பில் தூளளவு சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார். நகத்துண்டு ஒன்றையும் அனுப்பினார். பதில் வரும்வரை தினமும் பேழைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து நகத்தை அளவுகோலால் அளந்தார். நகமும் அவரை ஏமாற்றாமல் வளர்ந்தது.

பதில் வந்ததும் பங்குச் சாமியாரையும் சாவியம்மாவையும் சக்கிறிஸ்துக்குள் கூப்பிட்டார். பூசை உடுப்புகள் தொங்குகிற அந்தச் சின்ன அறையில் மூன்று பேர் நிற்பதே நெருக்கடி.

"எலும்பு பழசுதான் சாமி. புனிதர் காலத்து ஆளோடது. ஆனா அந்தக் காலத்துல செத்த எல்லாருக்கும் விரல் இருந்திருக்குமே. அவரோடதுதான்னு என்னால சொல்ல முடியாது. அவரோடது இல்லன்னும் சொல்ல முடியல," என்றார் பரிசோதகர்.

"நகம்?" என்றார் பங்குச் சாமியார்.

"அது போன வாரத்து நகம். வயசுப் பொண்ணோடது, சாயம் ஏறியிருக்கு. எப்படின்னு என்னைக் கேக்காதீங்க, ஆய்வகத்துலயே கையை விரிச்சுட்டாங்க. அற்புதம்னுதான் எழுதப்போறேன். திங்கக்கிழமை வண்டி வரும்."

பங்குச் சாமியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விரல் போனபின் இந்த ஊரை யாரும் மதிக்கமாட்டார்கள் என்ற வருத்தம் ஒரு பக்கம், தன் காலத்தில் மெய்யானதே என்ற பெருமை ஒரு பக்கம். சாவியம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அங்க யாரு சாமி நகம் வெட்டுவாங்க?"

"அங்க வெட்டமாட்டாங்கம்மா. மூணு பூட்டு போட்டு வச்சிடுவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ தூரத்துல நின்னு பாக்கலாம்."

அவளுக்குப் பயம் வந்தது. மகள் செத்த செய்தி வந்தபோதுகூட அவள் பயப்படவில்லை. நகம் நீண்டு சுருண்டு பட்டுத்துணியைக் கிழிப்பதும், வெட்டிவிட ஆளில்லாமல் பூட்டுக்குள் கிடப்பதும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஒரு தடவை பெட்டியைத் திறக்கச் சொல்லாமல் விட்டாள். இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"அது நான் ஒட்டினது சாமி," என்றாள். "என் நகம்தான். பசை போட்டு ஒட்டினேன்."

பங்குச் சாமியார் ஐயோ என்று அங்கே இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பரிசோதகர் அவள் கைகளைப் பார்த்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த, ஐம்பது தாண்டிய கைகள்.

"உங்க நகத்துல நீலம் இல்லையேம்மா."

"மை தடவினேன்."

"நான் தினமும் அளந்திருக்கேன். என் கண்ணு முன்னால வளந்துச்சு."

"நான்தான் ஒட்டினேன்," என்றாள் மறுபடியும், தூரத்து வீடு ஒன்றுக்கு வழி சொல்பவள் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். "போலின்னு எழுதிக்குங்க."

"இந்த வேலையும் வீடும் போயிடும். ஊரு உங்களைச் சும்மா விடாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா?"

அவள் கொக்கியிலிருந்து நழுவிய ஒரு பூசை உடுப்பை எடுத்துச் சரியாக மாட்டினாள். பரிசோதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெய் என்று சொல்ல அவர் கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. பொய் என்று சொல்ல உயிரோடு ஒரு சாட்சி எதிரிலேயே நின்றது, அது பொய்ச்சாட்சி என்பதும் அவருக்குத் தெரிந்தது. விதி விதிதான். போலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போலி என்றானதை மண்ணில் புதைத்துவிட வேண்டும். விரலைப் பஞ்சில் சுற்றி, தன் மாத்திரை டப்பாவைக் காலி செய்து அதில் வைத்து அவளிடமே நீட்டினார். "நீங்களே அடக்கம் பண்ணிடுங்க," என்று சொல்லிவிட்டு, பங்குச் சாமியாருக்குக் கேட்காதபடி, "உங்களுக்கு மனசு வரும்போது பண்ணினா போதும்," என்றார்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? ரொட்டிக்கடைக்காரிக்கு அன்று சாயங்காலமே பல்வலி திரும்பி வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சாவியம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். சின்னப் பிள்ளைகள்கூட ஒட்டுநகம் ஒட்டுநகம் என்று பின்னாலேயே கத்திக்கொண்டு போனார்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். சாவி போனதோடு பெயரும் போயிற்று. காலிப் பேழையை எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை, சும்மா இருக்கட்டும் என்று விட்டார்கள். கொஞ்ச நாளில் அதன் முன்னாலும் முழங்கால் போட ஆள் வந்தது. வேண்டியது கிடைத்தது என்கிறார்கள், முன்னைவிடச் சீக்கிரமாகவே. ரொட்டிக்கடைக்காரியின் பல்லும் அங்கேதான் குணமானது.

சாவியம்மாவாக இருந்தவள் சந்தை ரோட்டில் ஒரு தையற்கடைக்கு மேலே அறை எடுத்தாள். வீடுவீடாகத் துணி துவைத்துத் தேய்த்துக் கொடுத்தாள். விரலை மேசைமேல் ஒரு சாஸரில் வைத்திருந்தாள். அங்கே அது யாருடைய காய்ச்சலையும் குணமாக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நகம் மட்டும் வளர்ந்தது, அவள் வெட்டினாள்.

கீழே இருந்த தையற்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் மாடியேறி வந்தார்.

"என்னக்கா, தினமும் இந்த நேரத்துக்கு மேல யாரோ தட்டறாங்க. மெஷினை நிறுத்தினா போதும், டொக்கு டொக்குன்னு. ராத்திரி வரைக்கும் விடறதில்ல."

அவள் மேசையைக் காட்டினாள். விரல் சாஸரை விட்டு இறங்கி, நகநுனியால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. தையற்காரர் குனிந்து பார்த்தார்.

"யாருக்கா இது?"

"என் பொண்ணு." அந்த விரலை அப்படி அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "வேலை விட்டு வந்து உக்காந்தா டீ வர்ற வரைக்கும் இப்படித்தான் தட்டிக்கிட்டே இருப்பா."

"அடக் கடவுளே, அப்ப டீ போட்டுக் குடுக்க வேண்டியதுதானே! பாவம், பச்சப்புள்ளய இப்படிக் காக்க வப்பாங்களா?"

"குடுத்தா நிறுத்திடுவாளே தம்பி."

தையற்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "நிறுத்தட்டும்க்கா. நாளைக்கும் வேலைக்குப் போய்ட்டு வரணுமில்ல," என்றார்.

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் அவள் அழ ஆரம்பித்தாள், பல வருஷத்து அழுகை, முந்தானை முழுக்க நனைந்துபோனது. சர்க்கரை இல்லாததால் தையற்காரரே கீழே போய் வாங்கி வந்தார். டம்ளரை மேசைமேல் வைத்ததும் தட்டுவது நின்றது. அவள் அந்த அமைதியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அதே நேரத்துக்குக் கீழே தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். அப்புறம் அண்ணாந்து, "அக்கா, புள்ள வந்தாச்சு," என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தார்.